டைமிங் செயின் தேய்மானம்: கடைக் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 16 வருடமாக நிற்கிறேன். கடைக்குப் பின்னாலேயே ஒர்க்‌ஷாப். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிய வண்டியைப் பார்த்துவிட்டு உரிமையாளர் நேராக என்னிடம்தான் வருவார்; மெக்கானிக்கிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் என்னிடம் கேட்பார். டைமிங் செயின் பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் அவற்றைத் தொகுத்து வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஆறு மாசம் முன்னாடிதான் செயின் ஸ்ப்ராக்கெட் மாத்தினேன். மறுபடியும் செயின் மாத்தணும்னு சொல்றாரு. ஏமாத்துறாரா?

இல்லை, அது வேறு செயின். நீங்கள் மாற்றியது பின் சக்கரத்தைச் சுழற்றும் செயின், வெளியே தெரிவது. மெக்கானிக் சொல்வது எஞ்சினுக்குள் ஆயிலில் நனைந்தபடி ஓடும் செயின். பைக்கில் அதைக் கேம் செயின் என்பார்கள், காரில் டைமிங் செயின் என்பார்கள். வேலை ஒன்றுதான்: கீழே பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கிராங்க், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், இந்த இரண்டையும் கட்டிப் போடுவது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பிஸ்டன் எங்கே இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற கணக்கு முழுக்க இந்தச் செயினின் நீளத்தில்தான் இருக்கிறது.

என் வண்டியில இந்த செயின் இருக்கா?

ஸ்பிளெண்டர், பல்சர், ஆக்டிவா என்று இன்று சாலையில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஸ்கூட்டர்காரர்கள் ‘நமக்கு பெல்ட்தானே’ என்பார்கள். அந்த பெல்ட் சக்கரத்துக்குப் போவது. எஞ்சினுக்குள் கேம் செயின் தனியாக உண்டு. ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிடையாது, ஏனென்றால் கேம் ஷாஃப்டே கிடையாது. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கேம் பற்சக்கரத்தால் சுற்றும், புஷ் ராடு வால்வைத் தள்ளும். அதில் இருக்கும் இரட்டை வரிசைச் செயின் கிளட்சுக்குப் போவது, டைமிங்குக்கு அல்ல.

காரில் மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சின்கள், ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின், இவை செயின். பழைய மாருதி 800, பழைய இன்னோவா டீசல், இவை பெல்ட். பெல்ட்டை இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று மேனுவலிலேயே எழுதியிருக்கும். செயினுக்குப் பெரும்பாலும் எழுதியிருக்காது. வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செயின்னா லைஃப் டைம்னு ஷோரூம்ல சொன்னாங்களே?

யாருடைய லைஃப் டைம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். குறித்த நேரத்தில் ஆயில் மாற்றி, அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் பல எஞ்சின்களில் செயின் கடைசி வரை வரும், அது உண்மை. ஆனால் செயினுக்கு மாற்றும் தேதி இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம், தேயாது என்று அல்ல.

இரும்பு செயின் எப்படி சார் நீளும்? ரப்பரா அது?

ரொம்ப நல்ல கேள்வி. இரும்பு நீளவில்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு புஷ், அதாவது சின்னக் குழல். எஞ்சின் ஓட ஓட இந்த இரண்டும் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. தேய்ந்த அளவுக்கு ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. பைக் கேம் செயின்கள் பலவற்றில் இந்த இடைவெளி 6.35 மில்லிமீட்டர். கண்ணிக்கு ஒரு தலைமுடி பருமன் தேய்ந்தாலே செயின் மொத்தத்தில் ஒரு சதவீதம் நீண்டுவிடும். ‘செயின் இழுத்துடுச்சு’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் இந்தத் தேய்மானத்தைத் தடுப்பது. ஆயில் பழையதாகி அதில் கரித்தூள் சேர்ந்தால் அதுவே அரத்தூள் மாதிரி வேலை செய்யும். டீசல் எஞ்சினில் கரி அதிகம். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் டீசல் காரில் செயின் சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். பைக்கில் இன்னொரு சிக்கல்: மொத்த ஆயிலே ஒரு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும், கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன. கால் லிட்டர் குறைந்தாலும் அது பெரிய குறை.

செயின் நீண்டா டென்ஷனர் இழுத்துப் பிடிச்சுக்குமே. அப்புறம் டைமிங் ஏன் மாறணும்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். தொழிலில் இருப்பவர்களே சிலர் இதில் தடுமாறுகிறார்கள்.

செயினுக்கு இரண்டு பக்கம் உண்டு. கிராங்க் சுற்றும்போது கேமிலிருந்து செயினைத் தன் பக்கம் இழுக்கிறது. அது இறுகிய பக்கம். கிராங்கிலிருந்து மேலே ஏறிப் போகும் மறுபக்கம் தளர்ந்த பக்கம். டென்ஷனர் உட்கார்ந்திருப்பது தளர்ந்த பக்கத்தில் மட்டும்தான். தேய்மானத்தால் வந்த தொங்கலை அது தள்ளிப் பிடித்து, செயின் ஆடாமல் வைத்திருக்கிறது. ஆனால் கேமைச் சுழற்றுவது இறுகிய பக்கம். அந்தப் பக்கத்துக் கண்ணிகளும்தான் நீண்டிருக்கின்றன. அவற்றைக் குட்டையாக்க எந்த டென்ஷனராலும் முடியாது.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஒரு முழம் நீண்டுவிட்டால், கையை எப்போதும் இழுக்கும் இடம் வரை இழுத்தாலும் குடம் ஒரு முழம் கீழேதான் தொங்கும். அதே மாதிரி, கிராங்க் தன் இடத்துக்கு வந்துவிட்டது, கேம் இன்னும் வந்து சேரவில்லை. வால்வுகள் எல்லாமே கொஞ்சம் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடுகின்றன. டைமிங் பின்தங்குவது என்றால் இதுதான். தேய்மானத்தால் டைமிங் முந்தாது, எப்போதும் பின்தங்கத்தான் செய்யும். சத்தம் இல்லை என்பதால் டைமிங் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல டென்ஷனர் சத்தத்தை மறைக்கும், அவ்வளவே.

ஒரு சதவீதம்தானே? அதுல என்ன ஆயிடப் போகுது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராங்கில் 17 பல், கேமில் 34 பல் என்று ஓர் எஞ்சின். இறுகிய பக்கத்தில் 30 கண்ணி. ஒரு சதவீதம் நீண்டால் அந்தப் பக்கம் மட்டும் 1.9 மில்லிமீட்டர் கூடுகிறது, அதாவது ஒரு பல்லில் பத்தில் மூன்று பங்கு. கிராங்கில் ஒரு பல் என்பது சுமார் 21 டிகிரி. அதில் பத்தில் மூன்று பங்கு ஆறு டிகிரியைத் தாண்டுகிறது. வால்வு டைமிங்கில் ஆறு டிகிரி ஓட்டுபவருக்கே தெரியும் அளவு.

கார் எஞ்சின்களில் செயின் நீளம், பல் எண்ணிக்கை எல்லாம் வேறு, ஆனால் கணக்கு இதேதான். கேம் கிராங்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தேய்மானம் கூட்டி வரும்.

ஓட்டும்போது எனக்கு என்ன தெரியும்?

முதலில் கீழ் வேகத்து இழுவை போகும். காரணம் இது: காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு, பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகே மூடும்படிதான் கம்பெனியே வைத்திருக்கும். செயின் தேய்ந்தால் அது இன்னும் தாமதமாகும். மெதுவாக ஓடும்போது, உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை ஏறி வரும் பிஸ்டன் திறந்த வால்வு வழியாகவே திருப்பி அனுப்பிவிடும். இருக்கிற காற்று குறைவு, கம்ப்ரஷன் குறைவு, இழுவையும் குறைவு. மூன்றாம் கியரில் ஏறிய பாலத்துக்கு இப்போது இரண்டு தேவைப்படும். மேல் வேகத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ‘தட்டினா போகுது சார், கிளம்பும்போதுதான் செத்துப்போகுது’ என்பார்கள்.

இழுவை இல்லாததால் ஆக்ஸிலேட்டரை அதிகம் திருகுவீர்கள், மைலேஜ் குறையும். ஐடிலிங் கொஞ்சம் தடுமாறலாம். இதெல்லாம் ஒரே நாளில் வருவதில்லை, வருடக்கணக்கில் மெல்ல வருவது. அதனால் சொந்த வண்டியில் கண்டுபிடிப்பது கஷ்டம். தம்பியோ மச்சானோ வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் உண்டு.

காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ரெண்டு செகண்ட் கரகரன்னு சத்தம், அப்புறம் போயிடுது. விட்டுடலாமா?

விடாதீர்கள். பல கார்களில் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவு முழுக்க நின்றதும் அதிலிருந்து ஆயில் வடிந்துவிடுகிறது. ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறும் வரை செயின் தொங்கிக்கொண்டு, அதைப் பக்கவாட்டில் தாங்கும் கைடில் அடிக்கும், அந்தச் சத்தம்தான் இது. புதுச் செயினில் தொங்கல் குறைவு என்பதால் கேட்காது. கேட்கிறதென்றால் செயின் தேய்ந்திருக்கலாம், டென்ஷனர் ஆயிலைப் பிடித்து வைக்காமல் இருக்கலாம், ஆயில் அளவே குறைந்திருக்கலாம். முதலில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை.

டேப்பட் சத்தமா, செயின் சத்தமான்னு எப்படிப் பிரிக்கிறது?

டேப்பட் சத்தம், அதாவது வால்வைத் தட்டும் இடத்துச் சத்தம், ஹெட்டுக்கு மேலே, டிக் டிக் என்று தாளம் பிசகாமல் வரும். செயின் சத்தம் பக்கவாட்டில், சரசரவென்று, சில நேரம் கொலுசு மாதிரி ஜலஜலவென்று வரும்; ஆக்ஸிலேட்டரை விடும் நொடியில் கூடும். ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் செயின் ஓடுவது இடது பக்கம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை எஞ்சினில் அங்கங்கே தொட்டுக் கேட்டால் எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும்.

டென்ஷனர் மட்டும் மாத்தினோம், சத்தம் நின்னுடுச்சு. வேலை முடிஞ்சுதுல்ல?

சத்தத்தின் வேலை முடிந்தது. டைமிங் பின்தங்கியிருந்தால் அது அப்படியேதான் இருக்கும். மேலே கயிறும் குடமும் சொன்னேன் அல்லவா, அதேதான். டென்ஷனர் நிஜமாகவே பழுதாகி, செயின் அளவுக்குள் இருந்தால் டென்ஷனர் மட்டும் போதும். அளக்காமல் மாற்றினால் எது பழுது என்றே தெரியாது. டென்ஷனர் விற்றால் எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

கெட்டியான ஆயில் ஊத்தினா சத்தம் குறையும்னு சொல்றாங்களே?

சூடான பிறகு கொஞ்சம் குறையலாம். ஆனால் காலையில் கெட்டி ஆயில் மேலே ஏறி டென்ஷனரை நிரப்ப அதிக நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க செயின் வறண்டு அடிபடும். நீளம் ஒரு நூல்கூடக் குறையாது. மேனுவலில் எழுதிய கிரேடையே ஊற்றுங்கள்.

செயின் தேஞ்சா இக்னிஷன் டைமிங்கும் மாறுமா?

வண்டியைப் பொறுத்தது. இன்றைய பைக்குகளில் தீப்பொறிக்கான சைகை கிராங்கில் உள்ள மேக்னட் பக்கத்திலிருந்து வருகிறது. அதற்கும் செயினுக்கும் சம்பந்தம் இல்லை. பொறி சரியான நேரத்தில் வரும், வால்வு மட்டும் தாமதம். அதனால்தான் பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பார்த்து ‘டைமிங் சரியா இருக்கு’ என்று சொன்னால் அது பாதி உண்மை. பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கேமிலிருந்து சுற்றும் பழைய கார்களில், செயினும் இருந்தால், இரண்டும் சேர்ந்தே பின்தங்கும்.

செக் எஞ்சின் லைட் எரியுது, பி0016னு வருது. சென்சார் மாத்தியும் போகல.

அந்தக் கோடு ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று சொல்லவில்லை. கிராங்க் சென்சார் காட்டும் இடமும் கேம் சென்சார் காட்டும் இடமும் ஒத்துப்போகவில்லை என்கிறது. இரண்டு சென்சாரும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம். செயின் நீண்டிருக்கலாம், ஒரு பல் தவறியிருக்கலாம், வி.வி.டி. (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) உள்ள காரில் அதன் ஆயில் வால்வு அடைத்திருக்கலாம். ஒயரிங்கையும் ஆயிலையும் பார்த்த பிறகு, சென்சார் வாங்கும் முன், செயினை அளந்துவிடுவது நல்லது.

வி.வி.டி. இருக்கே, கம்ப்யூட்டரே சரி பண்ணிக்காதா?

ஓரளவுக்குத் திருத்தும். வி.வி.டி. என்பது ஓடும்போதே கேமை முன்னும் பின்னும் திருப்பும் அமைப்பு. கேம் தாமதமாக இருந்தால் முன்னால் நகர்த்திச் சமாளிக்கும், ஆனால் அதன் நகர்வுக்கு ஓர் எல்லை உண்டு. ஐடிலிங்கில் அது பூட்டிய நிலையில் நிற்கும் எஞ்சின்களில் அந்த நேரத்துக்குத் திருத்தமே இல்லை. கம்ப்யூட்டர் சமாளித்துக்கொண்டே போவதால் உங்களுக்குத் தெரிய வருவதும் தாமதமாகிறது.

கம்ப்ரஷன் கம்மியா இருக்கு, ரிங் போயிடுச்சு, போர் வேலை பண்ணணும்னு சொல்றாங்க.

சிலிண்டரைக் கடையும் அந்த வேலையைச் செய்வதற்கு முன் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்ப்பது. நன்றாக ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது டைமிங். இரண்டாவது, பிஸ்டனை மேலே நிறுத்தி, வெளியிலிருந்து காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. கசிவு இல்லை, ஆனால் கம்ப்ரஷன் மட்டும் எல்லா சிலிண்டரிலும் ஒரே அளவில் குறைவு என்றால், ஓட்டை எங்கேயும் இல்லை. வால்வு தாமதமாக மூடுவதால் காற்றுதான் திரும்பிப் போகிறது.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கார் இப்படித்தான் வந்தது. வேறோர் இடத்தில் பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, பழைய செயினையே மாட்டிக் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு செலவுக்குப் பிறகும் இழுவை இல்லை. புதுச் செயினுக்குப் பக்கத்தில் பழையதைத் தொங்கவிட்டதும் உரிமையாளர் ஒன்றும் பேசவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார்.

மார்க் எல்லாம் சரியாத்தான் நிக்குது. அப்போ செயின் நல்லாயிருக்குன்னுதானே அர்த்தம்?

‘சரியாக’ என்றால் எவ்வளவு சரியாக? மேக்னட்டில், பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் டி மார்க்கை நிறுத்திவிட்டுக் கேம் மார்க்கைப் பாருங்கள். ஒரு முழு பல் தள்ளி இருந்தால் செயின் தவறியிருக்கிறது, அல்லது மாட்டியவர் தவறாக மாட்டியிருக்கிறார். கால் பல், அரை பல் தள்ளி, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நின்றால் அது தேய்மானம். இந்தத் தேய்மானத்தை ‘ஒரு பல் மாத்திப் போட்டுடலாம்’ என்று சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. ஆறு டிகிரி தாமதத்தை எடுக்கப் போய் 15 டிகிரி முந்த வைப்பதுதான் அதில் நடக்கும். ஆறு டிகிரியும் 21 டிகிரியும் எங்கிருந்து வந்தன என்பதற்கு மேலே ஒரு சதவீதக் கணக்கைப் பாருங்கள்.

மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்ல நிறுத்தினா செயின் தவறும்னு ஒருத்தர் சொன்னாரு. உண்மையா?

எல்லா எஞ்சினிலும் இல்லை, ஆனால் ஆதாரம் இல்லாத பேச்சும் அல்ல. ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டால், வண்டி பின்னால் அழுந்தும்போது கிராங்க் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அப்போது இறுகிய பக்கம் தளர்ந்து, இழுவை டென்ஷனர் பக்கம் போகும். ஆயில் அழுத்தம் இல்லாத டென்ஷனர், பின்வாங்காமல் தடுக்கும் கொக்கியும் இல்லாதது என்றால், உள்ளே அமுங்கும். தேய்ந்த செயின் அந்த நேரத்தில் பல் தாண்ட வாய்ப்பு இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கியர் போடுங்கள்.

தவறினா, அறுந்தா என்ன ஆகும்?

பல எஞ்சின்களில் திறந்த வால்வும் மேலே வந்த பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கு போடுகின்றன, நேரம் மட்டும்தான் வேறு. செயின் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. வால்வு வளையும், சில நேரம் பிஸ்டன் உடையும். டீசலில் இடைவெளி இன்னும் குறைவு என்பதால் கிட்டத்தட்ட நிச்சயம். அதன்பிறகு செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள், வளைந்தது உடையும்.

செயின் மட்டும் வாங்கினா போதுமா, ஸ்ப்ராக்கெட்டும் வேணுமா?

தேய்ந்த செயின் ஸ்ப்ராக்கெட் பல்லையும் தன் இடைவெளிக்குத் தக்கபடி அரித்திருக்கும். புதுச் செயின் அதில் சரியாக உட்காராமல் சீக்கிரம் தேயும். கேம் ஸ்ப்ராக்கெட், செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் சேர்ந்த கிட் வாங்குங்கள். பைக்குகளில் கிராங்க் பல்சக்கரம் பெரும்பாலும் கிராங்கோடு சேர்ந்தே இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், பல் ஒரு பக்கம் கொக்கி மாதிரி சாய்ந்திருக்கக் கூடாது. கைடின் ரப்பர் உதிர்ந்திருந்தால் அந்தத் துண்டுகள் கீழே ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்திருக்கும், அதையும் கழற்றச் சொல்லுங்கள்.

ஹெட் பிரிக்காம செயின் தேஞ்சிருக்கான்னு பாக்க முடியுமா?

முடியும். கொக்கி வைத்த ராச்செட் டென்ஷனர் என்றால், ஸ்பிரிங்கை முதலில் எடுத்துவிட்டு (இல்லாவிட்டால் தண்டு தானே வெளியே வந்துவிடும்) அதைக் கழற்றி, தண்டு எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணலாம். கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் இனி அதற்கு நீட்ட இடம் இல்லை, செயின் முடிந்தது. கழற்றியதும் கிராங்கைத் திருப்பிவிடக் கூடாது, திரும்ப மாட்டும்போது தண்டை உள்ளே தள்ளிவிட்டே மாட்ட வேண்டும். இந்த இரண்டையும் மறந்து நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சொந்த வண்டியில் பல் தவறவிட்டுக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

செயின் வெளியே வந்துவிட்டால் புதியதோடு சேர்த்து ஒரே ஆணியில் தொங்கவிடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்புறம் பழையதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். புதுசு கம்பி மாதிரி ஓரளவு நேராக நிற்கும். தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும்.